இன்னும் ஒரே ஒரு லோடு

கிரேன் ஓட்டுநருக்கு 'ஒட்டகம்' என்று பெயர் வைத்தது வேறு யாருமில்லை, அவருடைய மச்சினன்தான். அக்காள் புருஷனுக்குப் பட்டப்பெயர் வைக்கிற துணிச்சல் எல்லா மச்சினனுக்கும் வந்துவிடாது. இவனுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கட்டட வேலையில் கீழே நின்றபடி வயர்லெஸ்ஸில் வழி சொல்வது அவன் பொறுப்பு. நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து லீவரை நகர்த்துவது அத்தானின் பொறுப்பு. அவன் 'மெதுவா, இடது, இறக்குங்க' என்றால் ஒரு டன் கம்பிக்கட்டு சொன்ன இடத்தில் சொன்னபடி வந்து உட்காரும்.

மேலே கழிப்பறை கிடையாது. ஒரு தடவை இறங்கி ஏறினால் அரைமணி நேரம் போய்விடும். அதுவரை கான்கிரீட் லாரி நிற்கும், பன்னிரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், என்ஜினியரின் மூஞ்சி தொங்கிப்போகும். ஆகவே அத்தான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். காலையில் ஒரு தம்ளர் தண்ணீர், பிறகு வேலை முடியும்வரை ஒன்றுமில்லை. உள்ளே போனால்தானே வெளியே வரும்? கூண்டு வெயிலில் கொதிக்கும், வியர்வை காய்ந்து சட்டை முதுகில் உப்புப் பூத்துவிடும், மனிதர் அசையமாட்டார். புதிதாக வருகிறவர்களிடம் மச்சினன் இதைப் பெருமையாகவே சொல்வான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்கு இடது விலாவில் வலி வந்து துடித்துப்போனார். சிறுநீரகக் கல் என்று சொல்லி ஊசி போட்டு, பத்து நாள் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்க வரச் சொன்னார்கள். ஐந்தாம் நாளே வலி நின்றது. வலி போனால் கல்லும் போயிற்று என்று அத்தான் ஸ்கேனுக்கு முழுக்குப் போட்டார். அக்காள் அதோடு விடவில்லை. வீட்டில் பாலுக்கும் தக்காளிக்கும் தடை விதித்தாள். பாவம், பிள்ளைகள்கூடக் கறுப்பு டீயைக் குடித்துக்கொண்டு திரிந்தன. தண்ணீரைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சு விடவில்லை.

அன்று காலை பத்து மணிக்கு வயர்லெஸ் கரகரத்தது.

"மாப்ள, கொஞ்சம் இறங்கணும்."

"லாரி வந்து நிக்குது அத்தான். இன்னும் ஒரே ஒரு லோடு."

"சரி."

அந்த ஒரு லோடு ஒன்பது லோடானது. மேலிருந்து அப்புறம் பேச்சே இல்லை. மச்சினனும் அதை மறந்துவிட்டான். நிழலில் நின்று, பக்கத்திலிருந்த கேனைச் சாய்த்து வயிறு நிறையத் தண்ணீர் குடித்தான். இரண்டு தடவை மறைவுக்கும் போய் வந்தான்.

ஒரு மணிக்குக் கடைசி கான்கிரீட் தொட்டி தரையைத் தொட்டது. கூண்டுக் கதவு திறக்கவில்லை. கூப்பிட்டால் பதிலும் இல்லை. பதறிப்போய் ஏறிப் பார்த்தால், அத்தான் இருக்கைக்குக் கீழே வாந்தியில் சுருண்டு, வலது இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். இடுப்பில் கயிறு கட்டி, ஒவ்வொரு படியிலும் அவர் காலைப் பிடித்து வைத்து இறக்குவதற்குள் மச்சினனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா அக்காளையும் தம்பியையும் வெளியே கூப்பிட்டார்.

"பழைய கல்லு போகவே இல்லம்மா. வழிய அடைச்சுக்கிட்டு அங்கயேதான் இருந்திருக்கு. வலி நின்னா கல்லு போயிடுச்சுன்னு அர்த்தம் கிடையாது. இடது சிறுநீரகம் சுருங்கிப்போச்சு. இத்தன நாளா வலது ஒண்ணுதான் வேல பாத்திருக்கு. இப்ப அதுலயும் கல்லு வந்து அடச்சிருக்கு. காலையிலேருந்து ஒரு சொட்டு ஒண்ணுக்குகூட இறங்கல."

அக்காள் குறுக்கிட்டாள். "பால், தக்காளி எல்லாத்தையும் நிறுத்திட்டேனே டாக்டர்."

"பால நிறுத்தினா கல்லு கூடவும் செய்யலாம். குறைக்க வேண்டியது உப்பு. குடிக்க வேண்டியது தண்ணி, ஒண்ணுக்கு வெளுப்பாப் போற அளவுக்கு." பிறகு மச்சினனைப் பார்த்தார். "நீங்களும் அந்த வெயில்லதான நிக்கிறீங்க, எவ்வளவு குடிப்பீங்க?"

"நாலு லிட்டர் இருக்கும்," என்றான்.

"மெல்லிசா ஒரு குழாய் வெச்சு இப்ப வழிய மட்டும் திறந்துவிடுறேன். கல்ல ரெண்டு வாரம் கழிச்சு லேசர்ல உடச்சு எடுத்துக்கலாம். இந்த ஒண்ணாவது பொழைக்கணும்," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

குழாய் வைத்து முடித்து அத்தானைக் கட்டிலுக்குக் கொண்டுவந்தபோது சிறுநீர் பிடிக்கும் பையில் ஒன்றுமில்லை. ஐந்து மணிக்குச் சிவப்பாக இரண்டு ஸ்பூன் வந்திருந்தது. அக்காளும் தம்பியும் பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆறரைக்கு நர்ஸ் குனிந்து பார்த்து, "வருதும்மா, நல்லா வருது. இனிமே பயம் கொறவு," என்றாள்.

அக்காள் வராந்தாவுக்கு வந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ மட்டும் மேல ஏறிப் போகலன்னா இந்நேரம் எங்க கதி என்னடா?"

அந்த நன்றியை அவன் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. அத்தானும் சொல்லிக்காட்டுகிற ஆள் இல்லை. ஆனால் பிடித்த கை சுட்டது.

"அக்கா, அவரு பத்து மணிக்கே இறங்கணும்னு கேட்டாரு. நான்தான் இன்னும் ஒரு லோடுன்னு நிறுத்தி வெச்சேன்."

அவள் கையை விட்டாள்.

"எத்தன தடவ கேட்டாரு?"

"ஒரு தடவதான். அதுக்கப்புறம் கேக்கவே இல்லக்கா." அது ஏதோ தன் பக்கத்து நியாயம் போல அவசரமாகச் சொன்னான்.

"கல்யாணமாகிப் பதினாறு வருசம்," என்றாள் அக்காள். "அந்த மனுசன் எங்கிட்ட ஒரு வாய் தண்ணிகூடக் கேட்டதில்லடா. உங்கிட்ட கேட்டிருக்காரு."