கெண்டையின் ஐந்து காயங்கள்

பிராக்கில் எங்கள் பொம்மைப்பட நிலையத்தில் நான் கேமராக்காரன். 1973இல் ஹினெக் இயக்கிய படத்தில் ஒரு கெண்டை மீன் குளியல் தொட்டியிலிருந்து இறங்கி, மாடிப்படி ஏறி, ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டும். யாரும் உள்ளே விடமாட்டார்கள். கடைசியில் எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்து அதைத் தின்பார்கள். எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு முன் தொட்டியில் கெண்டை வளர்க்காத வீடு கிடையாது. சின்ன வயதில் தான் பெயர் வைத்த மீனைத் தட்டில் பார்த்த கதைதான் அது என்பார் ஹினெக்.

மீனைச் செய்தவள் லிபுஷே. பழைய கையுறைத் தோலில் செதில் செதிலாகத் தைத்திருந்தாள். லென்ஸை அருகே கொண்டுபோனபோதுதான் பார்த்தேன்: துடுப்புகளில் இரண்டு, வாலில் இரண்டு, விலாவில் ஒன்று. சிவப்பு நூலில் ஐந்து காயங்கள், சிலுவையில் ஏசுவுக்கு இருந்தவை போலவே.

"இது என்ன லிபுஷே?"

"எங்க அண்ணன் சர்ச் சாமியார்னு தெரியும்ல? அதுக்காகவே அரசாங்கம் பிடிச்சுட்டுப் போச்சு. யுரேனியம் சுரங்கத்துல கைதியா இருந்தே செத்தார். உடம்பைக் கண்ணுல காட்டல. எந்த உடம்புலயாவது அவர் பட்ட காயத்தைத் தைக்கணும்னு இருந்துச்சு."

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து மாதம் படம் பிடித்தோம்.

தணிக்கைக் குழுவின் தலைவர் குபாத், கடைசிக் காட்சியில் படத்தை நிறுத்தச் சொன்னார்.

"இது யாரு?"

"மீன், தோழர்," என்றார் ஹினெக்.

"மீனை ஈட்டியால விலாவுல குத்தித்தான் சமைப்பாங்களா உங்க வீட்டுல?"

குழுவினர் சிரித்தார்கள். ஹினெக் திரையையே பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு நொடிதான்.

"நான்தான் தச்சேன்," என்றார்.

குபாத் தன் செயலாளரிடம் ஊசியும் நூலும் வாங்கி மேசைமேல் வைத்தார். "கோத்துக் காட்டுங்க, பாப்போம்."

ஹினெக் நூல் நுனியை நாவில் நனைத்தார். நாலு முறை முயன்றார், ஐந்தாவது முறை ஊசி தரையில் விழுந்தது. அவர் குனிந்து தேடிக்கொண்டிருக்கும்போதே குபாத் என் பக்கம் திரும்பினார்.

"ராதிம், உன் பொண்ணு மருத்துவப் படிப்புக்கு மனு போட்டிருக்காளாமே?"

"ஆமா தோழர்."

"யார் தச்சது?"

"லிபுஷே," என்றேன். தயங்கக்கூட இல்லை. ஹினெக் தரையிலிருந்து நிமிரவில்லை.

இருவரையும் அந்த வாரமே நீக்கினார்கள். காயங்கள் தெளிவாகத் தெரிந்தது கடைசிக் காட்சியில்தான்; அதை மட்டும் காயமில்லாத புது மீனை வைத்து நானே மறுபடி எடுத்தேன். சிறுவர்களுக்கான ஞாயிறு காட்சியில் ஓட்டினார்கள். மீன் கதவைத் தட்டும்போதெல்லாம் அரங்கமே சிரித்தது.

மறு வருடம் லிபுஷேயைத் தேடிப் போனேன். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. சலவைச் சோடாவில் ஊறி விரல்கள் வெடித்திருந்தன. இனி அவற்றால் ஊசி பிடிக்க முடியாது.

"வாங்க ராதிம். படம் வந்துச்சா?"

"வந்துச்சு. பிள்ளைங்க நல்லாச் சிரிச்சாங்க."

"சிரிக்கிறதுக்கு நான் செய்யலையே." ஒரு விரிப்பைப் பிழிந்து போட்டாள். "பொண்ணு சேந்துட்டாளா?"

"சேந்துட்டா."

"நல்லது. நல்லாப் படிக்கட்டும்." குரலில் குத்தல் ஏதும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"லிபுஷே, அன்னைக்கு நான்..."

"அதை விடுங்க. ஹினெக் இங்கதான் கீழ கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுறார். தூசி நெஞ்சுல இறங்கி இருமிக்கிட்டே இருக்கார். ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்களேன். உங்களைக் கேட்டார்."

"என்ன கேட்டார்?"

"சும்மா, எப்படி இருக்கீங்கன்னுதான்."

நிலவறைப் படி வரை போனேன். கீழேயிருந்து மண்வெட்டி கரியில் உரசும் சத்தமும், இடையிடையே இருமலும் கேட்டன. டிராமுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

மார்ச்சில் ஹினெக் இறந்தார். லிபுஷே அடக்கத்தின் நேரத்தை எழுதி அனுப்பியிருந்தாள். அன்று படப்பிடிப்பு ஏதும் இல்லை. ஆனாலும் நான் போகவில்லை.