ஜன்னலைத் தட்டிய கை

ஓய்வு பெற்ற நர்ஸான அக்காவுக்கு ஒரு பழக்கம். எங்கே சாப்பிட உட்கார்ந்தாலும் முதல் வாயை வேறொரு ஜீவனுக்குக் கொடுத்த பிறகுதான் தன் வாயில் வைப்பாள். பூனை, அணில், எறும்பு, எதுவும் இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் தங்கை.

"எறும்பு லீவு போட்டாத்தான் எனக்கு யோகம்" என்பாள் தங்கை.

இருவரும் மலையைப் பார்க்க வந்து, ஒரு வீட்டின் மாடி அறையில் தங்கியிருந்தார்கள். சாவியைக் கொடுக்கும்போதே வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டாள்.

"உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க. ஒண்ணே ஒண்ணு. குரங்குக்கு மட்டும் எதையும் குடுத்துடாதீங்க. இந்தத் தெருவுல யாரும் குடுக்கறதில்ல. எல்லாரும் பேசி வச்சிருக்கோம்."

அக்கா தலையாட்டினாள். மறுநாள் காலை, தட்டில் ரொட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு தாய்க்குரங்கு வந்து குந்தியது. வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி. குட்டியின் காது வெயிலில் இளம்சிவப்பாகத் தெரிந்தது. அக்காவின் கை தானாகக் கொக்கியைத் தள்ளியது.

"அந்தம்மா வேண்டாம்னாங்களே" என்றாள் தங்கை.

"பிள்ளைக்காரிடி அது. ஒரு துண்டு ரொட்டியில மலை சரிஞ்சிடுமா?"

மலை சரியவில்லை. குரங்கு தினமும் வந்தது. ஒரு காலை, ஜன்னல் திறக்கத் தாமதமானதும், விரல் மூட்டால் கண்ணாடியைத் தட்டியது. அக்காவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"பாருடி, விருந்தாளி மாதிரி தட்டிட்டு வருது!"

"விருந்தாளி நாமதான்க்கா" என்றாள் தங்கை, தலை வாரிக்கொண்டே. அக்காவின் காதில் அது விழுந்தது, மனதில் விழவில்லை.

அருவிக்குப் போன நாளன்று விடிவதற்குள்ளேயே கிளம்பிவிட்டார்கள். மதியம் திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு வாசலில் தெருவே கூடி நின்றது. அது தையல்காரியின் வீடு. அவளுடைய சின்ன மகள், கையில் கட்டோடு, அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். நடந்ததைத் தையல்காரியே சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை ஜன்னலோரம் ரொட்டி தின்றுகொண்டிருந்தாளாம். குரங்கு வந்து கண்ணாடியைத் தட்டியதாம். தட்டுகிறதே என்று சிரித்துக்கொண்டே பிள்ளை திறந்தாளாம். ரொட்டியைப் பிடுங்கியதில் கையும் கிழிந்துபோனது.

"இத்தனை வருஷத்துல குரங்கு தட்டி நான் பார்த்ததில்ல. யாரோ பழக்கியிருக்காங்க" என்றார் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன். "கூண்டு வைக்கச் சொல்லியாச்சு. தாய் மாட்டினா குட்டி எந்தப் பக்கம் ஓடுமோ, தெரியல." பிறகு வீட்டுக்காரம்மாவைப் பார்த்தார். "வெளியூர்க்காரங்க தங்கறது உங்க வீட்டுலதான்."

"என் வீட்டுல இருக்கறவங்க அப்படிப்பட்டவங்க இல்ல" என்றாள் வீட்டுக்காரம்மா. "அந்தப் பெரியம்மா சாமி கும்பிடாம தண்ணிகூடக் குடிக்கமாட்டாங்க. அவங்க மேல பழி போடாதீங்க."

"அப்புறம் அவங்கதான்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சா நான் ரூம் விடறதையே நிறுத்திடறேன்."

கூட்டத்தின் பின்னால் நின்று அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். தங்கை அவள் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"நாளைக்குக் காலையில பஸ். பேசாம ஏறிடலாம்க்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

"அவருக்குத் தெரியும்" என்று அக்கா மேலே காட்டினாள்.

"அவர் இங்க ரூம் வாடகைக்கு விடல."

"அதனாலதான் அவர்கிட்ட சொல்றது சுலபம். கீழ இருக்கறவங்ககிட்ட சொல்றதுதான்..." அக்கா எழுந்து முகம் கழுவிக்கொண்டு படியிறங்கினாள்.

முதலில் வீட்டுக்காரம்மாவிடம் சொன்னாள். அந்தம்மா திட்டவில்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். "உங்களுக்காகச் சண்டைக்குப் போனேனே" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "வாங்க, நானும் கூட வரேன்" என்று செருப்பை மாட்டினாள்.

தையல்காரி மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அக்கா பேசி முடிக்கும் வரை அவள் கால் நிற்கவில்லை. பிறகு நின்றது.

"வேண்டாம்னு சொன்னாங்களா, இல்லையா?"

"சொன்னாங்க."

"கேட்டுமா குடுத்தீங்க?"

"கேட்டும் குடுத்தேன். புண்ணியம்னு நினைச்சுக் குடுத்தேன்."

பிள்ளையின் கட்டை அக்கா பார்த்தாள். ஊசி போட்டாகிவிட்டது, இன்னும் சில தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று தையல்காரி சொன்னாள். அந்த ஊசியை அக்கா அறிவாள். எத்தனையோ பிள்ளைகளை மடியில் அமுக்கிப் பிடித்து, "எறும்பு கடிக்கற மாதிரிதான் கண்ணு" என்று பொய் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு அந்தப் பொய்யைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"கூண்டு வேண்டாம்னு கேட்க எனக்கு யோக்கியதை இல்லம்மா. ஆனா தட்டினா திறக்காதுன்னு அது தெரிஞ்சுக்கற வரைக்கும் நான் ஊருக்குப் போகல. பழக்கினவளே மறக்க வைக்கறேன். ரூம் விடறதை மட்டும் இந்தம்மா நிறுத்த வேண்டாம்."

"நீங்க எப்ப இருந்தாலும் போயிடுவீங்க. அதுவும் நாங்களும்தான் இங்கயே கிடக்கணும்." தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கூண்டைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடச் சொல்றேன். அதுக்காக என் கோபம் போயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கமாட்டேன்."

அன்று மாலையும் வீட்டுக்காரம்மா வழக்கம்போல வெந்நீர் ஃப்ளாஸ்க்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அதைப் பார்த்ததும்தான் அக்காவுக்கு அழுகை வந்தது.

மறுநாள் குரங்கு வந்தது. தட்டியது. அக்கா கண்ணை மூடிக் கும்பிட ஆரம்பித்தாள். ஒளிந்துகொள்கிற கும்பிடாக அது தோன்றவே, கண்ணைத் திறந்தாள். தங்கை திரையை இழுக்கப் போனாள்.

"இழுக்காதே. திறந்தவ நான்தான். திறக்காதவளும் நான்தான்னு அதுக்குத் தெரியட்டும்."

குட்டி தன் சிறு உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து அழுத்தியது. ரேகைகள் தெரிந்தன. அக்கா புடவைத் தலைப்பைக் கையில் சுற்றி இறுக்கிக்கொண்டாள். முதல் வாய் ரொட்டி தட்டிலேயே காய்ந்தது.

அடுத்தடுத்த காலைகளில் தட்டும் ஓசை குறைந்தது. ஒருநாள் குரங்கு ஜன்னலைப் பார்க்காமலே கடந்துபோய், எதிர்ச் சரிவில் இருந்த மரத்தில் ஏறிக் கொழுந்தைக் கிள்ளித் தின்றது. குட்டிக்கும் ஒன்று கிடைத்தது. அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்போது தையல்காரியின் மகள் மாடிக்கு வந்தாள். கையில் கட்டு சிறிதாகியிருந்தது.

"கூண்டு வேண்டாம்னு அம்மா சொல்லிட்டாங்க. உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

"அம்மாவுக்குக் கோபம் போயிடுச்சா கண்ணு?"

"இல்ல. கொஞ்சம் இருக்கு."

தங்கை சிரித்துவிட்டாள். அக்கா தட்டிலிருந்த ரொட்டியில் முதல் துண்டைப் பிய்த்துப் பிள்ளையிடம் நீட்டினாள். பிள்ளை வாங்கிக்கொண்டாள். உடனே தின்னவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். கொக்கி மாட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, ரொட்டியை நெஞ்சோடு மறைத்து அவசர அவசரமாகத் தின்றாள்.

அக்கா நாற்காலியை நகர்த்தி, பிள்ளைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.