மூன்று கைப்பிடி

ஃபவாஸ் தேநீர்க் கெண்டியை நெருப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது மித்அபின் வண்டி பாறையைச் சுற்றி வந்து நின்றது. வண்டியின் பின்புறப் பலகைகளில் ஆறு சுற்றுலாப் பயணிகள் உட்கார்ந்திருந்தார்கள். கடையில் அன்றைக்குத்தான் வாங்கிய தலைத்துணிகளைக் கோணல்மாணலாகச் சுற்றிக்கொண்டிருந்த அவர்கள் கையசைத்தார்கள். ஃபவாஸ் அழைத்து வந்திருந்த மூன்று பேரும் பாய் விரித்த நிழலிலிருந்து பதிலுக்குக் கையசைத்தார்கள். மித்அப் இறங்கி வந்து ஃபவாஸின் தோளில் கைபோட்டு, பல் தெரியச் சிரித்தான்.

"சிரிச்ச மொகமா கேட்டுக்க, ஃபவாஸ். உன் ஆளுங்க பார்க்குறாங்க," என்றான். "உன் உம்மா மவுத்தாயிட்டாங்க. மத்தியானம், லுஹருக்குப் பாங்கு சொல்ற நேரம்."

ஃபவாஸ் கெண்டியைச் சாய்த்து முதல் கண்ணாடிக் குவளையை நிரப்பினான். இரண்டாவதையும் நிரப்பினான். ஒரு சொட்டும் சிந்தவில்லை. முகத்தில் சிரிப்பு மட்டும் ஒட்டவைத்ததுபோல் இருந்தது.

"எப்ப எடுக்குறாங்க?"

"சாயங்காலம் அஸர் தொழுத கையோட. வெயில்ல வச்சிருக்கக் கூடாதுன்னு உங்க மாமா சொல்லிட்டாரு. அவரு சொன்னா சொன்னதுதான்."

அஸருக்கு இன்னும் நேரம் இருந்தது. இங்கிருந்து நேராக வண்டியை விட்டால் உம்மாவின் ஜனாஸாவைத் தூக்குவதற்குள் ஊர் போய்விடலாம். பெற்ற மகன் கபர்க் குழிக்குள் இறங்கி, கையில் வாங்கிக் கிடத்த வேண்டும். அது முடியாமல் போனாலும், எல்லாரும் போடும் மூன்று கைப்பிடி மண்ணையாவது அவனும் போட வேண்டும். அதுவும் இல்லையென்றால் அவன் எதற்கு மகன்?

இந்த மூன்று பேரையும் உன் வண்டியில் ஏற்றிக்கொள்ள முடியுமா என்று மித்அபைக் கேட்டான். மித்அப் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். அங்கே காலை நீட்டக்கூட இடமில்லை. மற்ற வண்டிகளெல்லாம் ஆளுக்கொரு திசையில் போயிருந்தன. சித்திரை வெயில் ஏறுவதற்கு முந்தைய இந்தச் சில வாரங்கள்தான் வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் வரும் காலம். சுற்றுலா முகாமின் முதலாளியான கலாஃப், இவர்கள் இருவருக்கும் பெரியப்பா மகன், அக்கபா விமான நிலையத்தில் அடுத்த கூட்டத்துக்காகக் காத்திருந்தான். மித்அப் வரும் வழியில் பாறைமேல் ஏறி, சிக்னல் பிடித்து அவனிடமும் பேசியிருந்தான்.

"சூரியன் விழுறதைக் காட்டிட்டு வரச் சொல்லுங்குறான். அதுக்குத்தானே வந்திருக்காங்களாம். பாதியில திருப்பிக் கூட்டியாந்தா கம்ப்யூட்டர்ல கண்டபடி எழுதிப்புடுவாங்களாம்."

"அவன் உம்மா போனா அவன் காட்டுவானா?"

"சிரி," என்றான் மித்அப். அவன் கண் கலங்கியிருந்தது. "சிரி மச்சான். அந்தக் கிழவி உன்னையேதான் பாக்குது."

மித்அபின் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

பனிக்காலம் தொடங்கியதிலிருந்தே அவன் உம்மா ஸல்ஹாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நான்கு அடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஆனால் இன்றைக்கு விடியற்காலையில் ஃபவாஸ் எழுந்து பார்த்தபோது, அவள் கவிழ்த்த இரும்புச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். துணி போல மெல்லிய ரொட்டிகள் மடித்து மடித்து அடுக்கியிருந்தன. நேற்றைய ரொட்டியே மீதி இருக்கிறதே, எதற்கு எழுந்தாய் என்று அவன் சத்தம் போட்டான். "நேத்துச் சுட்டதை விருந்தாளிக்குக் குடுக்குற குடும்பமா நாம?" என்று கேட்டுவிட்டு அடுத்த உருண்டையை எடுத்துக்கொண்டாள். தேறிவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். அந்த நினைப்போடுதான் வண்டியை எடுத்தான்.

விருந்தாளி என்ற சொல்லுக்கு மாமா ஃபர்ஹான் வேறு அர்த்தம் வைத்திருந்தார். ஃபவாஸ் ஒட்டகங்களை விற்று வண்டி வாங்கிய நாளிலிருந்து அவர் அவனோடு பேசுவதில்லை. பேசினாலும் குத்திக்காட்டத்தான். "விருந்தாளின்னா தெரியாம வந்து வாசல்ல நிக்கிறவன். நீ கூட்டிக்கிட்டுத் திரியுறவன் டிக்கெட் வாங்கிட்டு வர்றவன்," என்பார். ஒருநாள் ஃபவாஸே இதை உம்மாவிடம் கேட்டான். இவர்களெல்லாம் விருந்தாளியா என்று. அவள் யோசிக்கக்கூட இல்லை. "நம்ம ரொட்டியத் திங்குறாங்கல்ல?" என்றாள். அவளைப் பொறுத்தவரை அதோடு பேச்சு முடிந்தது.

பாய் நிழலில் மூவரும் அந்த ரொட்டியைத்தான் தின்றுகொண்டிருந்தார்கள். செக் நாட்டுக்காரர்கள். ரதெக், அவன் மனைவி யிட்கா, ரதெக்கின் தாய் மிலாடா. மிலாடாவுக்கு ஸல்ஹாவின் வயதுதான் இருக்கும். ஃபவாஸ் காலையில் செய்து காட்டிய மாதிரியே ரொட்டியைக் கிழித்து, தயிரைத் தொட்டு, ஒரு துணுக்கும் கீழே விழாமல் கையை அடியில் ஏந்தித் தின்றாள்.

ஃபவாஸ் குவளைகளைக் கொண்டுபோய் வைத்தான். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இன்றைக்குக் காற்று அதிகம், பெரிய மணல்மேட்டில் கண்ணெல்லாம் மண் விழும், ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பாறை இருக்கிறது, அங்கிருந்தும் சூரியன் விழுவதைப் பார்க்கலாம் என்றான்.

ரதெக் கெட்டவனில்லை. நெஞ்சில் கைவைத்துக்கொண்டுதான் பேசினான். வேறொரு ஊரில் ஒரு வழிகாட்டி இப்படித்தான் அவசர அவசரமாகக் கூட்டிக்கொண்டு போய், பாதியில் கொண்டுவந்து விட்டுவிட்டானாம். "தயவுசெஞ்சு அப்படிப் பண்ணிடாதீங்க. அம்மா இதுக்காகத்தான் முட்டி ஆபரேஷனே பண்ணிக்கிட்டாங்க. அந்த மேட்டோட படத்தைப் படுக்கைக்கு எதிர்ல ஒட்டி வச்சிருந்தாங்க."

சொல்லிவிடலாம். என் உம்மா இறந்துவிட்டாள் என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? தொண்டைவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மிலாடா இன்னொரு ரொட்டியை எடுத்துக் கிழித்தாள்.

அவன் வாப்பா இறந்த நாளில் கூடாரத்தின் முன்பக்கத்தில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காணாமல் போன ஒட்டகத்தைத் தேடி வந்தவர்கள். பின்பக்கத்தில், காய்ச்சலில் கிடந்த வாப்பாவின் மூச்சு நின்றது. ஸல்ஹா முக்காட்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, குழம்பில் இன்னும் கொஞ்சம் நெய்யை ஊற்றி அனுப்பினாள். வந்தவர்கள் சாப்பிட்டு, கை கழுவி, அல்ஹம்துலில்லாஹ் சொன்ன பிறகுதான் அவள் குரல் எழுந்தது. ஃபவாஸ் அப்போது அவள் மடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கடித்த இடத்தில் துணி கிழிந்திருந்தது. நம் சோறு தின்கிறவன் தொண்டையில் நம் துக்கத்தைச் சிக்கவைக்கக் கூடாது என்பது அந்தக் குடும்பங்களில் சொல்லிக் கொடுக்கப்படுவதில்லை. பார்த்துத் தெரிந்துகொள்வதுதான். ஃபவாஸ் பார்த்திருந்தான்.

குவளைகளை மறுபடி நிரப்பினான்.

அதன் பிறகு எல்லாம் காலையில் சொன்ன வரிசைப்படியே நடந்தது. குறுகலான பிளவுக்குள் கூட்டிப்போய்ப் பாறையில் கீறிய பழைய ஒட்டகங்களைக் காட்டினான். கல் வளைவின் மேல் யிட்காவும் ரதெக்கும் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். அவன் கீழே நின்று படம் எடுத்தான். "சிரிங்க," என்றான். அதைச் சொல்வது தன் வாய்தானா என்று அவனுக்கே வெறுப்பாக இருந்தது. அவர்கள் மேல் கோபம் வந்தது. கலாஃப் மேல் வந்தது. அஸருக்கு மேல் ஒரு நாழிகை பொறுக்கமாட்டேன் என்ற மாமாமேல் வந்தது. கடைசியில், இப்படிப் பழக்கிவைத்துவிட்டுப் போன உம்மாமேலும் வந்தது. வந்ததும் பயந்துபோய் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டான்.

அஸர் நேரத்தில், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுப் பாறைக்குப் பின்னால் போனான். தண்ணீரை மிச்சம்பிடிக்க மணலைத் தொட்டே முகத்தையும் கையையும் தடவி ஒளு செய்துகொண்டான். இந்நேரம் ஊர்ப் பள்ளிவாசலில் வரிசை கட்டியிருப்பார்கள். இப்போது ஜனாஸாவை முன்னால் வைப்பார்கள். இப்போது தூக்குவார்கள். நெற்றியை மணலில் வைத்தவன் நெடுநேரம் எடுக்கவில்லை. எடுத்தபோது, சற்றுத் தள்ளி மிலாடா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். பிறகு தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். அவன் நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பெரிய மணல்மேட்டின் அடியில் வண்டி நின்றது. நீ கீழேயே இரும்மா என்று மகன் சொல்லிப் பார்த்தான். மிலாடா செருப்பைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டாள். இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும் மணல். ஃபவாஸ் தோளைக் கொடுத்தான். பாதிக்கு மேல் ஏறக்குறைய தூக்கித்தான் கொண்டுபோனான். அவள் மூச்சு அவன் காதருகே இழுத்து இழுத்து வந்தது. அந்தச் சத்தம் அவனுக்குப் பழக்கமான சத்தம். பனிக்காலம் முழுக்கப் பக்கத்து அறையிலிருந்து கேட்டது. ஊரில் ஒரு தாயை ஆட்கள் தோளில் சுமந்து மேட்டில் ஏறிக்கொண்டிருப்பார்கள். இங்கே அவன் இன்னொருவன் தாயைச் சுமந்துகொண்டிருந்தான்.

உச்சியில் உட்கார்ந்தார்கள். சூரியன் அவ்வளவு மெதுவாக இறங்கும் என்பது இத்தனை வருஷத்தில் அவனுக்குத் தெரியாது. யிட்கா படம் எடுத்தாள். ரதெக் தாயின் முதுகைத் தன்மேல் சாய்த்துக்கொண்டான். மிலாடா காலியாகிவிட்ட புட்டிக்குள் சிவப்பு மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிப் போட்டாள். வருகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். இன்றைக்கு அவனால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

மூடியைத் திருகிவிட்டு அவள் மருமகளிடம் ஏதோ கேட்டாள். யிட்கா அவன் பக்கம் திரும்பினாள்.

"மத்தியானம் சாப்பிட்ட ரொட்டி யார் சுட்டதுன்னு அத்தை கேட்கிறாங்க."

"எங்க உம்மா."

"இவங்க அம்மாவும் இப்படித்தான் அடுப்பு முன்னாடியே இருப்பாங்களாம். நாளைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி பார்த்து நன்றி சொல்ல முடியுமான்னு கேட்கிறாங்க."

ஃபவாஸ் சூரியனைப் பார்த்தான். அதில் இன்னும் ஒரு விளிம்பு மீதி இருந்தது.

"நானே சொல்லிடுறேன்," என்றான்.

ஊரில் இருந்த முகாம் அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தும்போது வானம் சாம்பல் பூத்திருந்தது. கலாஃப் நாலைந்து பேரோடு நின்றிருந்தான். ஃபவாஸ் இறங்கியதும் எல்லாரும் வந்து கட்டிக்கொண்டார்கள். அல்லாஹ் உனக்குப் பொறுமையைத் தரட்டும் என்றார்கள். மூவரும் ஒன்றும் புரியாமல் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள். கலாஃப் அவர்களிடம் போனான். அவனுக்கு ஆங்கிலம் சரளமாக வரும். இவன் தாய் இன்றைக்கு மத்தியானம் இறந்துவிட்டாள், அப்படியும் உங்களை விட்டுவிட்டு வரவில்லை பாருங்கள், பாலைவனத்து பது மக்களின் விருந்தோம்பல் என்றால் இதுதான், ஊருக்குப் போய் நாலு பேரிடம் சொல்லுங்கள் என்றான்.

ரதெக்கின் முகம் வெளுத்துவிட்டது. ஃபவாஸிடம் வந்து நின்றான்.

"ஏன் சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே திரும்பியிருப்போமே. நாங்க என்ன மனுஷங்க இல்லையா?"

அது உண்மை என்று ஃபவாஸுக்குத் தெரிந்தது. திரும்பியிருப்பார்கள். மிலாடாவுக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மணல் புட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்தாள். பிறகு விட்டாள்.

அவன் கபரஸ்தானுக்கு நடந்தே போனான். அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் மஃரிப் தொழுகைக்குப் போய்விட்டிருந்தார்கள். புதிய மேடு ஒன்று, தலைமாட்டில் ஒரு கல். பக்கத்தில் மாமா ஃபர்ஹான் தனியாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் தலை வெறுமையாக இருந்தது. நரைத்த முடி காற்றில் பறந்தது. தலைத்துணி இல்லாமல் மாமாவை ஃபவாஸ் ஒருநாளும் பார்த்ததில்லை.

"காட்டி முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு, மாமா."

"நல்லா விழுந்துச்சா?"

ஃபவாஸ் கபருக்குப் பக்கத்தில் போய் நின்றான். பிறகு மாமா கேட்டார்.

"சாப்புட்டாங்களா, வந்தவங்க?"

"சாப்புட்டாங்க. உம்மா சுட்டதை. ஒண்ணுகூட மிச்சமில்ல."

மாமா தலையை ஆட்டினார். தாடையால் கபரின் கால்மாட்டைக் காட்டினார். அங்கே அவருடைய தலைத்துணி விரித்திருந்தது. நாலு முனையிலும் நாலு கல். நடுவில் துணி சற்றே மேடிட்டிருந்தது.

"எல்லாரும் மண்ணு போட்டாங்க. மண்வெட்டிக்காரனுங்க உன் பங்கையும் சேத்துத் தள்ளப் பாத்தானுங்க. விடல," என்றார். "அப்புறம் காத்து கௌம்பிருச்சு. அதான்."

ஃபவாஸ் மண்டியிட்டான். கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளி வைத்தான். துணியை மடித்து மாமாவிடம் கொடுத்தான். அவர் அதை உதறவில்லை. அப்படியே தலையில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவன் கையை விட்டு முதல் கைப்பிடியை அள்ளினான். சுற்றிலும் மணல் எப்போதோ குளிர்ந்துவிட்டிருந்தது. துணிக்கு அடியில் இருந்தது மட்டும் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.