பால் தம்ளருக்குப் பக்கத்தில் இரண்டு மாத்திரைகள்

1.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு சோதனைக் குழாயில் பிறந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தோரு வருடம் ஊசி குத்தி ஓய்வு பெற்றவன் நான். நான் எடுத்த ரத்தத்தைச் சேர்த்து வைத்திருந்தால் அதில் கப்பலே விட்டிருக்கலாம். (கப்பல் கொஞ்சம் அதிகம். சரி, படகு.)

கதாநாயகி ரயில் நிலைய அறிவிப்பாளர். அவள் குரலுக்காகவே தாமதமாக வரும் ரயிலை ஜனங்கள் மன்னித்தார்கள். அந்தக் குரல் கரகரத்துப் போனது. தைராய்டு சுரப்பு குறைவு என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஒரு வருடம் விழுங்கியும் ரிப்போர்ட் சரியாகவில்லை. ஐந்து வாரத்தில் குரல் தேர்வு. தேறாவிட்டால் பார்சல் பிரிவு.

2.

தொடக்கம் ஒன்று: ‘மேலதிகாரி கொடுத்த மன உளைச்சலால் அவள் கழுத்து—’

அடித்துவிட்டேன். எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். நாத்தனார் ‘டென்ஷன்’ என்றாள், அதிகாரியும் அதையே சொன்னார், லிஃப்ட்காரர்கூட விட்டுவைக்கவில்லை. மன உளைச்சல் தூக்கத்தைக் கெடுக்கும், இருக்கிற அலுப்பை இரட்டிப்பாக்கும், மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பழியைச் சுமத்தினாலும் தலையாட்டுகிற குற்றவாளியை நான் நம்புவதில்லை.

3.

கணவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். காலை ஏழுக்குப் பால் தம்ளர், பக்கத்தில் தைராய்டு மாத்திரை, கால்சியம் மாத்திரை. ஒரு வருடத்தில் ஒரு நிமிடம் பிசகியதில்லை. (இவ்வளவு நல்ல கணவனை எழுதும்போதே பேனா என்னை முறைத்தது.)

ரத்தம் எடுக்கையில் கேட்டேன்.

“மாத்திரைய எப்படிம்மா போடுறீங்க?”

“அவரே எடுத்து வெச்சிடுவார் சார். ரெண்டையும் பாலோட ஒரே வாயில.”

பாலும் கால்சியமும் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாது. டாக்டரிடம் அனுப்பினேன். வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை. நான்கு மணி நேரம் கழித்துக் கால்சியம் என்றார் டாக்டர். மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்திலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறதாம். அந்தக் காகிதத்தை அவள் கண்ணால் கண்டதில்லை. பெட்டியைப் பிரிப்பவர் கணவர். பொடி எழுத்து படிக்கக் கண்ணிலேயே லென்ஸ் வைத்திருப்பவரும் அவர்.

அவர் சிரித்துக்கொண்டே சொல்லும் பழைய வாக்கியம் ஒன்று அவளுக்கு அப்போது ஞாபகம் வந்தது: “ஊருக்கெல்லாம் பேசிட்டு வர்றே. எனக்குன்னு மிச்சமே இல்ல.”

4.

மாலையில் அவரிடம் இவ்வளவுதான் சொன்னாள்: “ரெண்டையும் சேர்த்துப் போடக் கூடாதாம்.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், அரை மணி நேரத்தில் திரும்பினார்.

மறுநாள் காலை ஒரே மாத்திரை, தண்ணீர். விழுங்கினாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“இப்ப ஏழு. அடுத்தது பதினொண்ணுக்கு.”

நான்கு மணி நேரக் கணக்கை அவள் அவரிடம் சொல்லவே இல்லை.

5.

முடிவு அ: அந்த அரை மணி நேரத்தில் அவர் மருந்துக்கடையில் நின்று, கூசிக் குறுகி, எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

முடிவு ஆ: தன் கடைக்குப் போய், இழுப்பறையில் பல்சக்கரங்களுக்கு அடியில் ஒரு வருடமாக மடிந்து கிடந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டா—

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே என்னைப் பார்த்துக் கண்ணடிக்கின்றன. ஆகவே இடம் விட்டிருக்கிறேன்:

அன்று மாலை அவர் நேராக ____________ போனார்.

நிரப்புவது உங்கள் பாடு. சீக்கிரம் நிரப்புங்கள். அவள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். கேட்பதற்காகத் தொண்டையைச் செருமிக்கொள்கிறாள்.