எஸ்னாத் தோண்டிய கக்கூஸ் குழிகள்

கபுடு ஊரில் எஸ்னாத் கக்கூஸுக்காகத் தோண்டிய ஏழாவது குழியிலும் ஆறடியில் இனிப்பான தண்ணீர் வந்தது. நவம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. மேலே நின்ற பெண்கள் குலவையிட்டுக்கொண்டு வாளியெடுக்க ஓடினார்கள். எஸ்னாத் கணுக்கால் நனைய நின்று, மண்வெட்டியால் குழிச்சுவரை ஓங்கிக் குத்தினாள்.

மலாவியின் அந்த மூலையில் தண்ணீர் எப்போதும் தட்டுப்பாடுதான். மஞ்சள் தொப்பி போட்ட வெளிநாட்டுத் தொண்டர்கள் மூன்று வருடம் வந்துபோய், ஊர் குடிக்கிற ஊற்றுகளுக்கு வெகுதூரத்தில், ஊரின் கீழ்ப்புறத்தில் நான்கு கிணறு வெட்டினார்கள். நாற்பதடி போயும் புழுதிதான். மழைத்துளிகூட அந்தக் கிணறுகளுக்குள் பாதி வழியிலேயே காய்ந்துபோயிற்று. அவர்கள் நல்லவர்கள், கொஞ்சம் அழுதார்கள், ஊரோடு சேர்ந்து ஆடினார்கள், தங்கள் பெயர் எழுதிய பலகைகளை நட்டுவிட்டு விமானம் ஏறினார்கள். எஸ்னாத்தின் கவலை வேறு. போன மழைக்கு வந்த காலராவில் அவள் தங்கை லிகினேத்தின் இரண்டு பிள்ளைகளும் ஒரே நாளில் போய்விட்டார்கள். ஊர் முழுக்கச் சோளக்காட்டில் ஒதுங்குகிறது, அந்த அசிங்கம் மழையோடு குடிக்கிற தண்ணீருக்கு வந்து சேர்கிறது என்று சுகாதார நிலையத்தில் சொன்னார்கள். அன்றே சம்பளமில்லாத தொண்டராகப் பெயர் கொடுத்து மண்வெட்டியை எடுத்தவள் அவள்.

"தண்ணி வந்ததுக்கு அழுவுற ஒரே பொம்பள நீதான்" என்றான் குழிமேட்டில் நின்ற கணவன் வைசன்.

"எத்தன தண்ணி வந்து என்ன? மழ பெஞ்சா காட்டுல கெடக்கறதெல்லாம் இதுக்குள்ளதான வரும். இதக் குடிச்சே சாவோம்."

கழிப்பறைத் திட்ட அதிகாரி கலோங்கா மோட்டார் சைக்கிளில் வந்து குழியைப் பார்த்தார், ஒரு குவளை வாங்கிக் குடித்தார், 'கழிப்பறை: தோல்வி' என்று ஏழாவது முறையாக எழுதினார்.

"தண்ணி வந்துச்சுன்னாவது எழுதுங்க சார்."

"இது கக்கூஸ் படிவம்மா. தண்ணிக்கு வேற ஆபீஸ். அவங்க லிஸ்ட்ல உங்க ஊருக்கு நாலு கிணறு ஏற்கெனவே இருக்கு."

தோல்வியடைந்த குழிகளை மூடிவிட வேண்டும் என்பது விதி; அதையும் சொல்லிவிட்டு, இன்னொரு குவளை குடித்துவிட்டுப் போனார். எஸ்னாத் எட்டாவதைப் பாறைமேட்டில், ஒரு புல்லும் முளைக்காத இடமாகப் பார்த்து உளியால் கொத்தினாள். ஐந்தடியிலேயே பொங்கியது. இரண்டு நாள் களியைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் கிழக்கே மேகம் திரண்டதும் எழுந்து, தங்கையையும் கூட்டிக்கொண்டு ஊர்த்தலைவர் சபோலாவின் முற்றத்துக்குப் போய், காய்ந்த நான்கு கிணறுகளையும் கக்கூஸாக்கக் கேட்டாள்.

சபோலா தாடையைச் சொறிந்தார். "பலகையில அவங்க பேரு இருக்கே. நாளைக்கு வந்து கிணறு எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"காட்டுங்க தலைவரே. உள்ள போயி உக்காந்து பாக்கச் சொல்லுங்க."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. பிள்ளைகளைப் புதைத்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசாத லிகினேத் அப்போதுதான் வாய் திறந்தாள்.

"எம்புள்ளைங்க பேர எந்தப் பலகையிலயும் எழுதல, தலைவரே."

மறுநாள் தலைவரே முதல் கிணற்றின் வாய்க்கு நடுவில் ஓட்டை விட்டுச் சிமெண்டுப் பலகை வார்த்தார். நான்கு கிணற்றைச் சுற்றியும் புல்தட்டி மறைப்பு எழுந்தது, கை கழுவப் பானை வைத்தார்கள். அந்த மழைக்குச் சுற்றியிருந்த ஐந்து ஊர்களில் காலரா புகுந்தது. கபுடுவில் யாருக்கும் வயிற்றைக்கூட வலிக்கவில்லை. அரசுப் பதிவேட்டில் கபுடுவுக்கு இன்றுவரை நான்கு கிணறு, எட்டுத் தோற்ற கழிப்பறை.

அதன்பிறகு தண்ணீரில்லாத ஊர்களிலிருந்து எஸ்னாத்தைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கிணறு வெட்ட என்று கூப்பிட்டால் அவள் மண்வெட்டி பட்ட இடமெல்லாம் புழுதிதான் என்பதை இரண்டு ஊர் கண்டுகொண்டது. ஆகவே எல்லோரும் கக்கூஸ் வேண்டும் என்றே கேட்கிறார்கள். அவளும் மறுப்பதில்லை. மண்ணை முகர்ந்து, நல்ல காய்ந்த இடமாகத் தேர்ந்து, இந்த ஒன்றாவது தேறவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தோண்டுகிறாள். அவள் ஐந்தடி இறங்குவதற்குள் அந்த ஊர்ப் பெண்கள் குடங்களோடு வரிசையில் உட்கார்ந்து, தங்களுக்குள் சோள விலை பேசிக்கொண்டிருப்பார்கள்.