தோற்ற வக்கீல்

கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கோர்ட் குமாஸ்தா அம்மாள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். வெர்லீன் கேட்டதில் சிரிக்க ஒன்றுமில்லை. புலி வக்கீல் இன்றைக்கு எந்த ஹாலில் வாதாடுகிறார் என்றுதான் கேட்டாள்.

"கண்ணு, பதினோரு வருஷமா இதே நாற்காலியில உக்காந்திருக்கேன். அந்த ஆளு மூஞ்சிய ஹைவேயிலதான் பாத்திருக்கேன். இங்க பாத்ததே இல்ல."

அமெரிக்காவின் லூசியானாவில் பெல்ஃபோர்ட் ஊருக்குள் நுழைகிற எந்தச் சாலையை எடுத்துக்கொண்டாலும் சரி, அந்த ஆள் ஒரு புலியின் கழுத்தில் கை போட்டபடி ஆளுயர விளம்பரப் பலகையில் நிற்பான். பஸ்ஸின் முதுகில் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை சபையில் வீசிக்கொள்கிற அட்டை விசிறியிலும் அவன்தான். நவம்பரில் நன்றிப் பண்டிகை வந்தால் சபை வாசலில் ஊருக்கு இலவசமாக நூறு வான்கோழிகளை இறக்குவான். வெர்லீன் ஆஸ்பத்திரியில் கண் விழித்த மறுநாளே சபை மூப்பர் ஓடல் அவனுடைய விசிட்டிங் கார்டைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்ததும் அந்த வான்கோழி விசுவாசத்தில்தான். கறி போட்டவன் கைவிடமாட்டான் என்பது ஊர் நினைப்பு. வெர்லீனும் அப்படித்தான் நினைத்தாள். ஆறு வருஷமாகத் தின்றவள் வேறெப்படி நினைப்பாள்?

மரச்சாமான் கடை லாரி ஒன்று சிவப்பு விளக்கைத் தாண்டி வந்து அவள் காரின் விலாவில் இடித்து மூன்று மாதமாகிறது. எலும்பு கூடிவிட்டது, வலது தோள்தான் கூடவில்லை. அவளுக்குப் பிழைப்பே முடி பின்னுவது. ஒரு தலையைப் பின்னி முடிக்க ஆறு மணி நேரம் கையைத் தூக்கியபடி நிற்கவேண்டும். ஆபரேஷன் செய்தால் தேறும் என்றார் டாக்டர். லாரியின் இன்சூரன்ஸ்காரனோ வாராவாரம் தேனாகப் போனில் பேசி, ஒரு அற்பத் தொகையைச் சொல்லி, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடச் சொன்னான். போட்டால் அத்தோடு தீர்ந்தது. ஆபரேஷனும் இல்லை, அவள் முடி பின்னுகிற இருபத்தாறு வருஷக் கடையும் இல்லை.

புலியின் ஆபீசுக்கு அன்று காலையில்தான் போயிருந்தாள். பளிங்குத் தரை, நல்ல காபி எல்லாம் இருந்தது, வக்கீல் மட்டும் இல்லை. டேப்லெட்டோடு வந்த ஒரு பெண் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னாள். சாரைப் பார்க்கவேண்டும் என்றதற்கு சார் கோர்ட்டில் இருக்கிறார் என்றாள். எந்தக் கோர்ட் என்று கேட்டதும் திருதிருவென்று விழித்தாள். அங்கேதான் வெர்லீனுக்குச் சுருக்கென்றது. கையெழுத்துப் போடாமல் நேரே பஸ் ஏறி இங்கே வந்துவிட்டாள்.

அப்படியென்றால் இங்கே வருகிற வக்கீல் யார் என்று சன்னலில் கேட்டாள். பேர் சொன்னால் தன் வேலை போய்விடும் என்று அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா கோர்ட் கதவு எல்லாருக்கும் தொறந்துதான் இருக்கு. பின் பெஞ்சுல போய் உக்காந்து நீயே பாரு."

மூன்று நாள் உட்கார்ந்தாள். கிடங்கில் பலகை சரிந்து இடுப்பு முறிந்த ஒரு பெரியவரின் வழக்கு நடந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் மூன்று கோட்டுக்கார வக்கீல்கள். இவர் பக்கம் தியோடோரா பிக்கெட் என்று ஒரே ஒரு பெண். நரைத்த முடி, தட்டைச் செருப்பு. விடாமல் வாதாடினாள். மூன்றாம் நாள் ஜூரி எதிராகச் சொல்லிவிட்டது.

கோட்டுக்காரர்கள் கைகுலுக்கிக்கொண்டு போனார்கள். ஹால் காலியாகியும் பிக்கெட் எழுந்திருக்கவில்லை. பெரியவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு அரைமணி நேரம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "சாட்சி சொன்ன அந்த டாக்டர்கிட்ட கடைசிக் கேள்விய நான் கேட்டிருக்கக் கூடாது. அது என் தப்பு, சார்." பின் பெஞ்சில் வெர்லீன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். எத்தனையோ பெரிய மனிதர்களின் தலையைப் பின்னியிருக்கிறாள். என் தப்பு என்று ஒருவர் வாயிலிருந்தும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலமே பிக்கெட்டின் ஆபீஸ் படியேறினாள். ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு, தோற்றால் தனக்கு ஒன்றும் வேண்டாம், தோற்கவும் செய்யலாம் என்று பிக்கெட் உடைத்துப் பேசினாள். ஒப்பந்தத்தை நீட்டியவள் பேனாவை நீட்டவில்லை. வீட்டில் படித்துவிட்டு வரச் சொன்னாள். மறுநாள் வெர்லீன் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை இன்சூரன்ஸ்காரன் போன் செய்தபோது வக்கீலின் பேரைச் சொன்னாள். தேன் நின்றுபோனது. ரெண்டு வருஷம் இழுக்குமே மேடம் என்றான். இழுக்கட்டும் என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை விஷயம் கேள்விப்பட்டு மூப்பர் ஓடல் கடைக்கே வந்துவிட்டார். முடி உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"ஏம்மா, ஜெயிச்சவங்க எத்தனையோ பேரு இருக்க, தோத்தவளத் தேடிப் புடிச்சியா? அவரு போட்ட கறியெல்லாம் மறந்துபோச்சா?"

"மூப்பரே, அடுத்த வருஷம் சபைக்கு வான்கோழி நான் வாங்கித் தர்றேன். என் தோள நீங்க அவருகிட்ட வாங்கித் தருவீங்களா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் பிக்கெட் உள்ளே வந்தாள். வணக்கம் சொல்லிவிட்டு நேரே நாற்காலியில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். "உங்க வேலையச் செய்ங்க. கை எங்க நிக்குதுன்னு நான் பாக்கணும்."

இத்தனை நாள் வெர்லீன் அதை யாருக்கும் காட்டியதில்லை. வாடிக்கையாளர்களைத் தாழ்வான முக்காலியில் உட்காரவைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தாள். இப்போது சீப்பை எடுத்து உச்சந்தலைக்குக் கையைத் தூக்கினாள். காது மட்டத்தில் கை நின்றது. வியர்த்துக் கொட்டியது. மூப்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிக்கெட் எதிரே இருந்த கண்ணாடி வழியே பார்வையை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயோ பாவம் என்று அவள் சொல்லவில்லை.

"இன்னொரு தடவை" என்றாள்.

வெர்லீன் கையை இறக்கினாள். நாலு எட்டில் சன்னலுக்குப் போய்த் தெருப்பக்கத் திரையை உச்சிவரை ஏற்றிவிட்டாள். வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாக்கட்டும், எல்லாரும் பாக்கட்டும்" என்று திரும்பி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கையைத் தூக்கினாள்.