கட்டக் கூடாத தவணை

தொண்ணூறு நாளைக்கு ஒரு காசும் கட்டக் கூடாது என்று செட்டில்மென்ட் பிரிவு அதிகாரி சொன்னபோது டீச்சருக்கு நம்பிக்கை வரவில்லை. கடன் கொடுத்த கம்பெனியே கட்டாதே என்று சொல்லுமா?

அதிகாரி சின்னப் பெண். பாலர் பள்ளியில் டீச்சர் முதன்முதலாகப் பாடம் சொல்லிக் கொடுத்த பிள்ளைகளுக்கு இப்போது அந்த வயதுதான் இருக்கும். அவள் பொறுமையாக விளக்கினாள். வட்டியோடு சேர்த்துப் பாக்கி பதினேழு லட்சம். ஆறு லட்சத்தை மொத்தமாகக் கட்டினால் கணக்கை முடித்து வீட்டுப் பத்திரத்தைத் திருப்பித் தர ஒரு திட்டம் இருக்கிறது. ஆனால் அது எல்லோருக்கும் கிடையாது. தொண்ணூறு நாள் பணமே வராத கணக்குகளைத் தலைமை அலுவலகம் தனிப் பட்டியலாக எடுக்கும். அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் பேச்சு. நடுவில் ஒரு தவணை வந்துவிட்டாலும் பெயர் விழுந்துவிடும்.

"செத்த கணக்குக்குத்தான் தள்ளுபடி, டீச்சர். மூச்சு இருந்தா கிடையாது," என்றாள் அந்தப் பெண். பிறகு சொன்ன விதம் தனக்கே பிடிக்காதவள் போல மேசை இழுப்பறையைத் திறந்து மூடினாள்.

கூடவே ஒரு கடிதமும் வேண்டும் என்றாள். ஏன் கட்ட முடியவில்லை என்ற காரணம், மேலே இருப்பவர்கள் படித்ததும் நம்பும்படியாக.

டீச்சர் வீட்டுக்கு வந்து கடிதம் எழுதினாள். கணவருக்கு இடது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது உண்மை. கடிதத்தில் அது இரண்டு கண்ணுமாயிற்று. ஊசியில் நூல் கோக்கக்கூட முடியாமல், தொழிலை விட்டு, வீட்டோடு முடங்கிக் கிடப்பவராக அவரை எழுதினாள். எழுதிய அன்று கீழே கடையில் அவர் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்த சத்தம் மாடிவரை கேட்டது.

கடைத்தெருவில் அவருக்கு அங்குலம் என்று பெயர். ஜன்னல் திரையும் சோபா உறையும் தைப்பவர். திரை தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கி நின்றால் வாடிக்கையாளர் கவனிக்காவிட்டாலும் இவரே கழற்றிக்கொண்டு வந்துவிடுவார். அப்படிப்பட்டவரை நம்பி ஒரு புது ஹோட்டல் எண்பத்து நான்கு அறைகளுக்குத் திரை கேட்டது. வீட்டை அடகு வைத்து மெஷினும் துணியும் வாங்கினார். திறப்பதற்கு முன்பே ஹோட்டல்காரர்கள் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். தைத்து முடித்த திரைகள் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. பாதி விலைக்குக்கூட யாரும் எடுக்கவில்லை, உயரம் அப்படி. நம்ம வீட்டு ஜன்னல்ல மாட்டினா பாதி திரை தரையில படுத்துத் தூங்கும் என்று முதல் ஆறு மாதம் அவரே சொல்லிச் சிரித்தார். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டார்.

செட்டில்மென்ட் பேச்சு நடப்பது அவருக்குத் தெரியும். ஆறு லட்சத்தை டீச்சரின் அண்ணன் தருவதும் தெரியும். டயர் கடை வைத்திருந்த அண்ணன் தன் வேனை விற்றுத்தான் அந்தப் பணத்தைக் கொடுத்திருந்தார். கொடுக்கும்போதே தங்கையிடம் கறாராகச் சொல்லியிருந்தார்: "பாரும்மா, இது கடனை முடிக்கத்தான். முடியலைன்னா அப்படியே என் கைக்கு வந்துடணும். வட்டிக்குக் கட்டிக் கரைக்கிறதுக்கு எங்கிட்ட இன்னொரு வேன் இல்ல."

தொண்ணூறு நாள் விதியை மட்டும் டீச்சர் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேறென்ன கேட்டார்கள் என்பார். கடிதம் என்றால் காட்டு என்பார். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவரிடம் அவள் மறைத்தது கணக்குப் பார்த்தால் ஐந்து புடவை விலைதான். இது ஆறாவது.

மாதா மாதம் தவணை நாளான ஐந்தாம் தேதி வரும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கிப் போகும். சாப்பாட்டில் பாதியை ஒதுக்குவார். இன்னும் கொஞ்ச நாள்தாங்க என்பாள் அவள். அவர் தலையாட்டுவார். கம்பெனியில் இவளைத் தனியாக நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறார்கள், அவமானப்படுத்துகிறார்கள், அதை வீட்டில் சொல்லாமல் விழுங்குகிறாள் என்று அவராகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூறு நாள் புதன்கிழமை முடிந்தது. திங்கள்கிழமை பட்டியல் எடுப்பார்கள், அதுவரைக்கும் பணம் வராமல் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அவர் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்க் கூஜாவுக்கு அடியில் ஒரு ரசீது இருந்தது.

"திங்கக்கிழமை நீ தலை நிமிர்ந்து போகலாம், டீச்சரம்மா," என்றார். "மூணு தவணையும் கட்டிட்டேன்."

துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினை விற்றிருந்தார். வாங்கிய விலையில் கால்வாசிதான் கிடைத்ததாம். போனால் போகிறது, பாக்கி வைத்துக்கொண்டு தள்ளுபடி கேட்டால் யார் மதிப்பார்கள், ஒழுங்காகக் கட்டுகிற மனுஷன் என்று தெரிந்தால்தானே நாலு காசு குறைப்பார்கள் என்றார். வெகு நாளைக்குப் பிறகு அவர் இவ்வளவு நீளமாகப் பேசினார். டீச்சர் ரசீதை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். முத்திரையைப் பார்த்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே உட்கார்ந்தாள்.

விதியைச் சொன்னாள். முதல் தடவை அவருக்குப் புரியவில்லை. கட்டினால் எப்படித் தப்பாகும் என்று கேட்டார். இரண்டாம் தடவை சொன்னதும் அவர் கை மேசை விரிப்பின் ஓரத்தை நீவ ஆரம்பித்தது.

"இதை ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லலை?"

அவள் எழுந்து போய்த் தலையணை உறைக்குள் இருந்த கடிதத்தின் நகலை எடுத்து வந்து கொடுத்தாள். அவர் அதை ஜன்னலருகே கொண்டுபோய் வலது கண் பக்கமாகச் சாய்த்து வைத்துப் படித்தார். ஒரு பக்கம்தான். ரொம்ப நேரம் படித்தார்.

"நல்லா எழுதியிருக்க," என்றார் கடைசியில். "படிச்சா எனக்கே பாவமா இருக்கு."

அவள் அழுதாள். அவர் சமாதானம் சொல்லவில்லை, கோபிக்கவும் இல்லை. ஆறிப்போன காபியைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தார். திட்டுவதைவிட அது அவளுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

சனிக்கிழமை டீச்சர் அதிகாரிக்குப் போன் செய்தாள். அந்தப் பெண் கணினியில் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னாள். பணத்தைத் தெரியாமல் கட்டிவிட்டார் என்று மேனேஜர் ஒப்புக்கொண்டால் வரவை ரத்து செய்யலாம். திங்கள் காலை பட்டியல் போவதற்குள் செய்ய வேண்டும். அவரையே நேரில் கூட்டிவரச் சொன்னாள். கண் தெரியாதவர் என்று கடிதத்தில் இருக்கிறதே, வேறு ஏதோ பில் என்று நினைத்துக் கட்டினார் என்று சொன்னால் மேனேஜர் கேட்பார் என்றாள். பாவம், கடிதத்தை அவள் நம்பியிருந்தாள்.

டீச்சர் போனை வைத்துவிட்டு இது வேண்டாம் என்றாள். அவர்தான் போகலாம் என்றார்.

"உங்களுக்குப் பொய் வராதுங்க."

"வராதுதான். வீடு போகப்போகுதே."

திங்கள் காலை புறப்படுமுன் கண் ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். கம்பெனி மாடிப்படியில் அவள் அவர் கையைப் பிடித்து ஏற்றினாள். படியைத் தடவித் தடவி அவர் கால் வைத்த விதம் அவளுக்கே நிஜம் போல இருந்தது. வீட்டில் தனியாக ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

மேனேஜர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். அதிகாரிப் பெண் கோப்போடு பக்கத்தில் நின்றாள். வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று மேனேஜர் கேட்டார்.

அங்குலம் சுவரைப் பார்த்தபடி பேசினார். "கரண்ட் பில்லு கட்ட வந்தேங்க. கீழ அந்த ஆபீஸ்னு சொன்னாங்க. எங்க கொண்டுவந்து விட்டாங்கன்னு எனக்குத் தெரியலை. காகிதத்துல என்ன இருந்துச்சுன்னும் தெரியலை. கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்."

இருபத்தாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து டீச்சர் கேட்ட முதல் பொய். அதைத் தடங்கலில்லாமல் சொன்னார். நெற்றியில் மட்டும் வேர்த்திருந்தது.

மேனேஜர் பேனாவை எடுத்தார். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது. ரத்து செய்வதற்குக் காசாளரின் கையெழுத்தும் வேண்டும் என்பதால் அவரைக் கூப்பிட்டார்கள். வழுக்கைத் தலையோடு, காதில் பென்சில் செருகியபடி வந்த காசாளர் அங்குலத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"அட, நீங்களா? எப்ப சார் வர்றீங்க தைக்க?" என்றார். மேனேஜர் பக்கம் திரும்பி உற்சாகமாக விவரம் சொன்னார். வெள்ளிக்கிழமை வரிசையில் எட்டாவது ஆளாக நின்றபடியே, எதிர்ச் சுவரில் தொங்கிய திரையில் அடிமடிப்பு நாலு தையல் விட்டிருக்கிறது என்று இவர்தான் கண்டுபிடித்தாராம். காசு வேண்டாம், ஒருநாள் ஊசி கொண்டுவந்து போட்டுத் தருகிறேன் என்றாராம். "நான் கிட்டப் போய்ப் பார்த்தேன் சார். கரெக்டா நாலு."

காசாளர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எதையோ உடைத்துவிட்டோம் என்று புரிந்து, காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மேனேஜர் கோபப்பட்டிருந்தால் டீச்சர் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். அவர் பேனாவை மூடினார், அவ்வளவுதான். கணக்கு இப்போது உயிரோடு இருக்கிறது, ஒழுங்காகத் தவணை கட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். திட்டம் இந்த மாதத்தோடு முடிகிறது, அடுத்த வருஷம் வருமா என்று தனக்குத் தெரியாது என்றார். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோப்பிலிருந்து அதை உருவி, மடித்து, டீச்சர் பக்கம் தள்ளிவைத்தார்.

அதிகாரிப் பெண் படிவரை வந்தாள். டீச்சர் முகத்தைப் பார்க்காமல், "அந்தக் கடிதத்துல நானும் கையெழுத்துப் போட்டு மேல அனுப்பியிருந்தேன் டீச்சர்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பஸ்ஸுக்கு நடந்தார்கள். இருக்கிற ஒரு மெஷினையும் விற்றால் இரண்டு தவணை வரும். அதற்கப்புறம் நோட்டீஸ் வரும், ஏலம் வரும். அண்ணன் பணத்தை இன்றைக்கே திருப்பிவிட வேண்டும் என்றாள் டீச்சர். சாயங்காலம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார் அவர்.

"அண்ணன் கேட்டா என்னங்க சொல்றது?"

"நடந்ததைச் சொல்லுவோம். இனிமே மறைச்சு வேற என்ன வரப்போகுது."

பஸ்ஸில் நல்ல கூட்டம். புத்தகப் பையை மடியில் வைத்திருந்த ஒரு கல்லூரிப் பெண் அவரது கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்தாள். உட்காருங்க அங்கிள் என்று அவர் முழங்கையைத் தொட்டு இடம் காட்டினாள். டீச்சர் பதறிப்போனாள். இலவசமாக ஒரு பொத்தான்கூட வாங்காத மனுஷன், இதோ கண்ணாடியைக் கழற்றப்போகிறார், எனக்கு நல்லாத்தான் தெரியும்மா, நீ உட்காரு என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள்.

அவர் சொல்லவில்லை. கம்பியைத் தடவிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு ஜன்னலோரமாக ஒடுங்கிக்கொண்டு, ஒருவர் உட்காரும் அந்த இருக்கையில் டீச்சருக்குப் பாதி இடம் விட்டார்.